சந்துக்கு ஒரு கணக்கு: கராச்சி ஒரங்கியில் மக்களே போட்ட பாதாளச் சாக்கடை

ஆறு வருடம் நான் ஒரு நகர் நலச் சங்கத்தில் பொருளாளராக இருந்தேன். மாதத்தின் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் வாசலாக ஏறி இறங்குவேன். சந்தா தர மாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போல் யாரும் சொன்னதில்லை. "குடுக்கறேன் சார், எங்க தெருவுக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க" என்பார்கள். அதற்கு நேரான பதில் என்னிடம் இருந்ததில்லை. பணம் மொத்தமும் ஒரே கணக்கில் சேரும், எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று செயற்குழு அப்புறம் முடிவு செய்யும். பணம் கொடுத்தவருக்கும் அவர் கண்ணால் பார்க்க வேண்டிய வேலைக்கும் நடுவில் நாங்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம்.

குடியிருப்போர் கூடி ஒரு பொது வேலையைச் செய்வது பற்றித் தேடிப் படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட ஊர் ஒரங்கி. சென்னையிலோ பெங்களூரிலோ இல்லை, கராச்சியில் இருக்கிறது. அங்கே நடந்ததை முழுதாக எழுதுகிறேன். நலச் சங்கப் பொறுப்பில் இருக்கிற யாருக்கும் இது உதவும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஊர்

கராச்சியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது ஒரங்கி. 1965 வாக்கில் அங்கே குடியேற்றம் தொடங்கியது. 1971 போருக்குப் பிறகு வங்கதேசத்திலிருந்து வந்த பீகாரிக் குடும்பங்கள் பெரிய அளவில் வந்து சேர்ந்தன. பட்டாணியர், பஞ்சாபியர், சிந்திகள், பலூச்சிகள் எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. நிலம் அரசாங்கத்துடையது. தரகர்கள் அதை மனை பிரித்து, பெரும்பாலும் 120 சதுர கஜ மனைகளாக விற்றார்கள். பட்டா கிடையாது. ஆனால் கோடு போட்டாற்போல் நேர்ச் சந்துகளாகப் பிரித்திருந்தார்கள். குழாய் பதிக்கும்போது இந்த நேர்க்கோடு பெரிய கொடையாக அமைந்தது. 1980-ல் அங்கே எட்டு முதல் பத்து லட்சம் பேர் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

மக்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கழிவுக்குத்தான் வழி இல்லை. எடுப்புக் கழிப்பறைகள் இருந்தன, சில நாளுக்கு ஒருமுறை ஆள் வந்து எடுத்துப் போவார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் உறிஞ்சு குழி தோண்டினார்கள், சில வருடத்தில் அது நிரம்பிவிடும். குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் சந்திலேயே தேங்கும். அந்தத் தண்ணீரில்தான் குழந்தைகள் நடப்பார்கள். வீட்டுக்குள் ஈரம் ஏறி, கட்டிய சுவரே கரைய ஆரம்பிக்கும்.

அங்கே 1980 ஏப்ரலில் வந்து சேர்ந்தார் அக்தர் ஹமீத் கான். அப்போது அவருக்கு வயது 65. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, வங்காளப் பஞ்சத்தைப் பார்த்த பிறகு 1945-ல் பதவியை விட்டவர். அலிகார் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூலியாளாகவும் பூட்டுச் செய்பவரிடம் வேலை பழகுபவராகவும் இருந்து பார்த்தவர். பிறகு கிழக்கு வங்கத்துக் கோமில்லாவில் கிராமக் கூட்டுறவுகளை வளர்த்து, 1963-ல் மகசேசே விருது பெற்றார். பி.சி.சி.ஐ. என்ற பன்னாட்டு வங்கியின் அறக்கட்டளை அவரை ஒரங்கிக்கு அழைத்தது. அப்படித் தொடங்கியதுதான் ஒரங்கி முன்னோடித் திட்டம் (Orangi Pilot Project). இனி திட்டம் என்று நான் சொல்வது இதைத்தான். வந்ததும் அவர் எதையும் கட்டவில்லை. பல மாதம் சந்து சந்தாக நடந்தார், கேட்டார், பார்த்தார். அந்த நடைதான் இந்தத் திட்டத்தின் முதல் வேலை என்று நான் சொல்வேன்.

நான்கு தடைகள்

கழிவுநீர்தான் முதல் தலைவலி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படியானால் இத்தனை வருடமாக ஏன் யாரும் எதுவும் செய்யவில்லை? கானும் அவரோடு வேலை செய்தவர்களும் இதற்கு நான்கு காரணங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். இந்தப் பிரிப்புதான் இந்த ஆய்வின் உயிர்நாடி.

முதலாவது மனத் தடை. வீடு நம்முடையது, வாசலுக்கு வெளியே அரசாங்கத்துடையது, சாக்கடையை அரசு இலவசமாகப் போட்டுத் தர வேண்டும் என்ற எண்ணம். இரண்டாவது பொருளாதாரத் தடை. அரசு போடுகிற விலைக்குச் சாக்கடை போட அங்கே யாருக்கும் கட்டுப்படியாகாது. மூன்றாவது தொழில்நுட்பத் தடை. வீடு கட்டத் தெரிந்த கொத்தனாருக்கும் சாக்கடைக்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, பார்த்து மட்டம் வைக்கத் தெரியாது. நான்காவது சமூகத் தடை. நிலத்தடிக் குழாயை ஒரு வீடு மட்டும் தனியாகப் போட முடியாது, சந்தே சேர வேண்டும், சேர்த்துவைக்க ஆள் இல்லை.

நம்மில் பலர் "ஜனங்க ஒத்துழைக்கறதில்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நானும் எத்தனையோ கூட்டத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன். எந்தத் தடை எங்கே நிற்கிறது என்று பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து தெரிய ஆரம்பிக்கிறது. விலை அதிகம் என்பதால் ஒதுங்கி நிற்கிறவரிடம் ஒற்றுமையைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை.

தொடக்கத்திலேயே ஒரு கருத்து மோதலும் வந்தது. ஐ.நா. தரப்பிலிருந்து வந்த ஆலோசகர் முதலில் முழு ஆய்வு, அப்புறம் பெருந்திட்டம், இலக்கு, கால அட்டவணை என்ற வழியைச் சொன்னார். கான் ஒப்புக்கொள்ளவில்லை. எந்தச் சந்து தயாராக இருக்கிறதோ அங்கே தொடங்குவோம், எது சரிவரும் என்று செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்பது அவர் நிலை. இரண்டு தரப்பும் பிரிந்தன. கான் பக்கம் நின்ற திட்டம் மக்களோடு தொடர்ந்தது.

ஏன் சந்து?

ஒரங்கியில் ஒரு சந்தில் 20 முதல் 40 வீடுகள் இருக்கும். அதையே அலகாக வைத்துக்கொண்டார்கள். பேட்டையாகவோ வட்டமாகவோ போயிருந்தால் அரசியல் நுழையும், ஏற்கெனவே பேர் எடுத்த தலைவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். சந்தில் அது நடக்காது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதைப் பலகையில் எழுதிப் போடத் தேவையில்லை.

முறை இதுதான். திட்டத்தின் சமூகப் பணியாளர் சந்துக்கு வந்து கூட்டம் போடுவார், படம் காட்டி விளக்குவார். அந்தப் பணியாளர்களில் பலர் ஒரங்கியிலேயே குடியிருந்தவர்கள். அரசாங்கம் இலவசமாகப் போடும் என்று காத்திருந்தால் என்ன ஆகும், நாமே போட்டால் என்ன செலவு, திட்டம் எதைத் தரும், எதைத் தராது என்று முதல் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவார். பிறகு அவர் போய்விடுவார். சந்துக்காரர்கள் தாங்களே பேசி, ஒத்துவந்தால் தங்களுக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் திட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். சந்து கேட்காமல் திட்டம் ஒரு கல்லைக்கூட நகர்த்தாது.

விண்ணப்பம் வந்ததும் தொழில்நுட்ப ஆட்கள் வந்து அளப்பார்கள், மட்டக் குறி வைப்பார்கள், வரைபடம் போடுவார்கள், எஸ்டிமேட் தயாரிப்பார்கள். அதைப் பொறுப்பாளர் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் பொறுப்பாளர் பாடு. வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பது, வசூல் செய்வது, சாமான் வாங்குவது, சண்டை வந்தால் தீர்ப்பது எல்லாம் அவர். திட்டம் கருவிகளையும் கான்கிரீட் வார்க்கும் ஷட்டரிங் அச்சுகளையும் கடனாகக் கொடுக்கும், மேற்பார்வை செய்யும். மக்கள் பணத்தை மட்டும் கையால் தொடாது.

பொருளாளராக இருந்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பணம் சந்தை விட்டு வெளியே போகவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர் செலவழித்து, வாசலிலேயே ஜல்லியும் சிமென்டுமாகக் கொட்டிக் கிடக்கிறது. இங்கே ரசீதைவிட அந்தக் குவியல்தான் பெரிய கணக்கு. "எங்க தெருவுக்கு என்ன பண்ணப் போறீங்க" என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, ஏனென்றால் பணத்தைக் கேட்கிறவரும் அதே தெருக்காரர்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழிவுத் தண்ணீரோடு நாள் முழுதும் மல்லுக்கட்டியவர்கள் அவர்கள்தான். பிள்ளைகளின் வயிற்றுப்போக்கைப் பார்த்ததும் அவர்கள்தான். பல சந்துகளில் ஆண்களைக் கிளப்பிவிட்டதே வீட்டுப் பெண்கள்தான் என்று திட்டத்தில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வாட்டம், அச்சு, கலவை

விலையைக் குறைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1980-களில் கழிப்பறை, சந்துக் குழாய், அது போய்ச் சேரும் இரண்டாம் நிலைக் கால்வாய் எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 1,000 பாகிஸ்தான் ரூபாய் ஆனது. அதே வேலைக்கு அரசு அமைப்புகளின் விலை பல மடங்கு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? காண்ட்ராக்டர் லாபம் இல்லை, கமிஷன் இல்லை. அது ஒரு பகுதி. இன்னொரு பகுதி வடிவமைப்பு. சந்துக்குள் லாரி வராது, அதனால் குழாயை ஆழமாகப் புதைக்கத் தேவையில்லை. ஆழம் குறைந்தால் தோண்டும் கூலி குறையும், மேன்ஹோலும் சின்னதாகிவிடும். மேன்ஹோலுக்கும் மூடிக்கும் இரும்பு அச்சு செய்து சந்துகளுக்கு மாற்றி மாற்றிக் கடன் கொடுத்தார்கள். ஒவ்வொரு சந்தும் புதிதாகப் பலகை வாங்க வேண்டியதில்லை. வீட்டுக் கழிப்பறைக்கும் சந்துக் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்னத் தொட்டி வைத்தார்கள். கெட்டியானது அதில் தங்கிவிடும், குழாய் அடைத்துக்கொள்ளாது. குட்டி செப்டிக் டேங்க் என்றே சொல்லலாம். கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹசன் 1980-களின் தொடக்கத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார், அதே காலத்தில் இளம் கட்டடக் கலைஞராகப் பர்வீன் ரஹ்மான் வந்தார். தொழில்நுட்பத்தை மக்கள் கைக்கு ஏற்றபடி வெட்டிச் சீராக்கியதில் இந்த இருவருக்கும் பெரிய பங்கு உண்டு.

எல்லாம் முதல் தடவையே சரியாக அமையவில்லை. பலர் தங்கள் வீட்டு முன்னால் தாங்களே பள்ளம் தோண்டினார்கள், சிலர் கூலி கொடுத்துத் தோண்டினார்கள். ஒரு வீட்டு முன்னால் பள்ளம் நாலு விரல் மேடாகிவிட்டால் போதும், வாட்டம் அங்கேயே உடைந்துவிடும், மேலே உள்ள வீடுகளின் கழிவு அந்த இடத்தில் நின்றுவிடும். கான்கிரீட்டிலும் கோளாறு இருந்தது. தண்ணீரை அதிகமாக ஊற்றிக் கலந்தார்கள், போட்ட பிறகு நனைத்து வைக்கவில்லை. மூடிகள் உடைந்தன. குழுவினர் போட்ட சந்துகளையே திரும்பப் போய்ப் பார்த்து, எங்கே என்ன கெட்டது என்று குறித்து, கலவை விகிதத்தையும் நனைக்கும் முறையையும் கொத்தனார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முடித்த வேலையைத் திரும்பப் போய்ச் சோதிக்கிற இந்தப் பழக்கம் நம் சங்கங்களில் அநேகமாக இல்லை. திறப்பு விழாவோடு கோப்பை மூடிவிடுகிறோம்.

மேட்டுச் சந்தும் பள்ளத்துச் சந்தும்

முதலில் முன்வந்தவை ஓடைக்குப் பக்கத்தில் இருந்த சந்துகள். அவர்களுக்குக் குழாயின் மறுமுனை எங்கே என்ற கவலை இல்லை, நேராக ஓடையில் விட்டார்கள். உள்ளே தள்ளி இருந்த சந்துகளுக்கு நடுவில் ஒரு இரண்டாம் நிலைக் கால்வாய் வேண்டும், அதற்கு நாலைந்து சந்து சேர வேண்டும். இங்கேதான் உரசல் வந்தது. மேலே இருப்பவர் கழிவு கீழே இருப்பவர் வாசல் வழியாகப் போக வேண்டும், அப்போது செலவை யார் எவ்வளவு ஏற்பது? பொறுப்பாளர்கள் கூடிப் பேசித்தான் முடித்தார்கள். சந்து என்ற அலகுக்கு எல்லை எது என்று இங்கே தெரிந்தது. அதைத் தாண்டிய வேலைக்குச் சந்துகளின் கூட்டு வேண்டும், அதையும் தாண்டினால் மாநகராட்சி வேண்டும்.

இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் உள்வேலை, வெளிவேலை என்ற பாகுபாடு. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், இரண்டாம் நிலைக் கால்வாய் மூன்றும் உள்வேலை. அதை மக்கள் செய்வார்கள், செலவும் அவர்களுடையது, பராமரிப்பும் அவர்களுடையது. பெருங்குழாயும் ஓடையைச் சீரமைப்பதும் சுத்திகரிப்பு நிலையமும் வெளிவேலை. அது அரசாங்கத்தின் கடமை. மக்களே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று கான் சொல்லவில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, அரசைத் தப்பவிடுகிற திட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். என் பார்வையில் நடந்தது நேர் எதிர். தங்கள் பங்கை முடித்துவிட்டவர்களின் கேள்விக்குக் கனம் கூடியது. "எங்கள் குழாய் இதோ ஓடை வரை வந்துவிட்டது, உங்களுடையது எங்கே" என்று கேட்க ஒரு ஊர் தயாராக நின்றது.

வெளிவேலை பின்தங்கியே இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரங்கியின் கழிவு நெடுங்காலம் சுத்திகரிக்கப்படாமல் ஓடைகள் வழியாகக் கடலைத்தான் சேர்ந்தது. சந்து சுத்தமாகிவிட்டது, கடல் சுத்தமாகவில்லை. இந்தத் திட்டத்தைப் பாராட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2000-ம் ஆண்டு வாக்கில் ஏறக்குறைய 6,000 சந்துகளில், 90,000-க்கு மேற்பட்ட வீடுகளுக்கு இணைப்பு வந்திருந்தது. மக்கள் தங்கள் கைப்பணமாகப் போட்டது எட்டுக் கோடி ரூபாய் அளவில். இடையில் ஒரங்கி பட்ட அடிகள் சின்னவை அல்ல. 1986 டிசம்பரில் அந்தப் பக்கத்து கஸ்பா காலனி, அலிகார் காலனி குடியிருப்புகளில் இனக் கலவரம் வெடித்து ஏராளமானவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ரணத்துக்குப் பிறகும் சந்து வேலைகள் தொடர்ந்தன. 1991-ல் பி.சி.சி.ஐ. வங்கியே உலகறிய மூழ்கியது. புரவலர் வங்கி மூழ்கியும் சந்துப் பணம் ஒரு ரூபாய்கூட அதோடு போகவில்லை, ஏனென்றால் அது ஒருநாளும் அங்கே இருந்ததில்லை.

வரைபடம்

1988-ல் திட்டம் வளர்ந்து தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தது. கடனுதவிக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று, ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒன்று என்று அமைத்தார்கள். ஆய்வு, பயிற்சி நிறுவனத்தைப் பர்வீன் ரஹ்மான் நடத்தினார். அவருடைய பெரும்பணி வரைபடம். ஒரங்கி இளைஞர்களுக்கு அளக்கவும் வரையவும் கற்றுக்கொடுத்து, எந்தச் சந்தில் குழாய் இருக்கிறது, எந்த ஓடை எங்கே போகிறது என்று முதலில் ஒரங்கியையும், பிறகு கராச்சியின் ஓடைகளையும் தாளில் இறக்கினார்கள். இந்த வரைபடங்கள் என்ன செய்தன என்பதற்குக் கராச்சியின் இன்னொரு பகுதியான கோரங்கி சாட்சி. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் அங்கே பெரிய கழிவுநீர்த் திட்டம் ஒன்று வரவிருந்தது. ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று காட்டி, இருப்பதைச் சேர்த்துக் கட்டினால் செலவு எவ்வளவோ குறையும் என்று ஒரங்கிக் குழு மாற்றுத் திட்டம் கொடுத்தது. 1999-ல் அந்தக் கடன் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு பேட்டைக்காரர்களின் அளவு நாடாவும் தாளும் ஒரு மாநில அரசின் முடிவை மாற்றின.

கான் அதே 1999 அக்டோபரில் காலமானார். பர்வீன் ரஹ்மானைப் பிறகு கராச்சியின் ஓரக் கிராமங்களின் நிலத்தையும் திருட்டுத்தனமாகத் தண்ணீர் எடுக்கும் இடங்களையும் பதிவு செய்யும் வேலை இழுத்தது. 2013 மார்ச் 13 அன்று, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தெருச் சாக்கடையில் தொடங்கிய ஒரு பெண்ணின் வரைபடம் யாரையெல்லாம் அச்சுறுத்தியிருக்கிறது என்று நினைக்கும்போது இன்றும் மனது கனத்துப் போகிறது.

ஒரங்கியின் முறையை மற்ற ஊர்களிலும் செய்து பார்த்தார்கள். சில இடங்களில் வேர் பிடித்தது, சிலவற்றில் இல்லை. பிடிக்காத இடங்களைப் பற்றி ஒரங்கிக்காரர்களே எழுதியிருப்பவற்றைப் படித்தால் அவசரமும் தொழில்நுட்பத் துணை இல்லாமையும் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டம் போட ஆள் இருந்தது, மட்டம் பார்க்க ஆள் இல்லை.

ஒரு விஷயம் என்னை முதலில் உறுத்தியது. வேலை முடிந்ததும் சந்து அமைப்பு கலைந்துவிடும். பதிவு எண் இல்லை, ஆண்டுப் பொதுக்குழு இல்லை, லெட்டர்பேட் இல்லை. குழாய் அடைத்துக்கொள்ளும் நாளில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் காசு போட்டு ஆளைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். பதிவு செய்த சங்கத்தில் இருந்து பழகிய எனக்கு இது பலவீனமாகத் தெரிந்தது. யோசிக்க யோசிக்க வேறு மாதிரி தெரிகிறது. அங்கே நிலைத்து நின்றது ஆய்வு நிறுவனமும் அதன் வரைபடங்களும் அச்சுகளும் கற்றுத் தேறிய ஆட்களும்தான். பணம் சந்தில் இருந்தது, அறிவு நடுவில் இருந்தது. நாங்கள் இதைத் தலைகீழாக வைத்திருந்தோம். பணத்தை நடுவில் சேர்த்தோம், எந்தத் தெருவில் என்ன பிரச்சினை என்ற அறிவைத் தெருக்காரர்கள் தலையிலேயே விட்டுவிட்டோம்.

பொருளாளர் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்த அன்று சங்க பீரோவில் பத்து வருட ரசீதுக் கட்டுகள் இருந்தன. எங்கள் நகரின் மழைத்தண்ணீர் எந்தத் தெரு வழியாக எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்று காட்டும் ஒரு தாள்கூட இல்லை. இந்த வருடம் அதை வரைய ஆரம்பித்திருக்கிறோம். இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர், தண்ணீர் நிரப்பிய ஒரு நீளமான மட்டக் குழாய். மூன்று தெரு முடிந்திருக்கிறது. நாலாவது தெருவில் மட்டம் பார்த்தபோது, இத்தனை வருடமாக வடக்கே போகிறது என்று நாங்கள் நினைத்திருந்த தண்ணீர் தெற்கே போகிறது என்று தெரிந்தது.